ஒண்ணு புள்ளி ஒண்ணு

— ஷூவைக் கழட்டாதேனு சொன்னேன்ல, லாயிட். அப்படியே வா.

— ஒரே பனிச்சேறா இருக்கு மாமா. தரை பாழாயிடும்.

— பாழாகட்டும். இந்த வீட்டுல ஷூவைக் கழட்டினா விருந்தாளினு அர்த்தம். நீ விருந்தாளி இல்ல, தெரிஞ்சுக்கோ. அளக்க வந்த ஆளு. அளந்தியா, வந்த வழியே போனியானு இருக்கணும்.

— ஏங்க, அவனை வரச் சொன்னது நான். என் கூடப் பொறந்தவன் ரெண்டு வருஷம் கழிச்சு இந்தப் படி ஏறியிருக்கான். நீ கழட்டுடா தம்பி.

— வேணாம் அக்கா. மாமா சொன்னபடியே இருக்கட்டும். பழைய துண்டு ஏதாவது போடு, அதை மிதிச்சுட்டு வரேன்.

— பாரு எல்சி, என்ன அடக்கம், என்ன பணிவு. பார்க்கப் பார்க்கக் குமட்டுது. ஊர்ல வேற ஒருத்தனும் கிடைக்கலயா உனக்கு?

— கிடைக்கல. ஆண்டெனா அளக்கற அந்தப் பொட்டி நாப்பது மைல் சுத்துவட்டத்துல இவன்கிட்ட மட்டும்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை ஹெல்மி வந்து ரேடியோ, கம்பி, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறா. எந்த அலைவரிசையில எவ்வளவு காட்டுதுனு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கா. உங்க கண்ணுல புரை. அந்தச் சின்னத் திரையில ஈ உக்காந்திருந்தாக்கூட உங்களுக்குத் தெரியாது.

— ஹெல்மி பேரைச் சொல்லி என் வாயை அடைச்சிடுவே. சரி, அவளுக்காகப் பொறுத்துக்கறேன். புருஷனைப் பறிகொடுத்துட்டு, அறுபத்தெட்டு வயசுல பரீட்சை எழுதி ரேடியோ லைசென்ஸ் வாங்கி, சுத்துவட்டாரத்துல ரேடியோ வெச்சிருக்கறவங்க பேசிக்கற ஞாயித்துக்கிழமைக் கூட்டத்தை அவளே நடத்தறா. எதுக்கு? இனிமே ஒருத்தன் உயிர் போகுதேனு கூப்பிட்டா இன்னொருத்தன் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதுனு. அப்படி உக்காந்திருந்தவன் யாருனு தெரியும்ல, மாப்ளே?

— நான்தான்னு சொல்றீங்க.

— நான் எங்க சொன்னேன்? நீயே ரேடியோ கிளப்புல எழுதிக் கொடுத்திருக்கே. கையெழுத்துப் போட்டு.

— ஒருவேளை கவனிக்காம விட்டிருக்கலாம்னு எழுதினேன். கேபிளைக் காட்டுங்க.

— ரேடியோவுக்குப் பின்னாடி தடியா, கறுப்பா வருதே, அது. கழட்டி உன் பொட்டியில மாட்டு. பக்கத்துல மெலிசா ஒண்ணு போகுது பாரு, அது மேல கை வெக்காதே. அது கேக்கறதுக்கு மட்டும். காட்டுக்குள்ள எண்ணூறு அடிக்கு இழுத்து விட்டிருக்கேன். அதுல கேட்டா அம்பது மைல்ல ஒருத்தன் எச்சில் முழுங்கறதுகூடக் கேக்கும்.

— அப்ப பேசறதுக்கு ஒரு கம்பி, கேக்கறதுக்கு ஒரு கம்பி.

— ஆமா. எனக்குக் காதும் சுத்தம், வாயும் சுத்தம். எல்லாருக்கும் அப்படி அமையறதில்ல.

— லாயிட், காபி கலக்கட்டுமாடா?

— கலக்காதே எல்சி. அவன் குடிச்ச கப்பை எவன் கழுவறது?

— நான்தான் கழுவப் போறேன். நீங்க என்னைக்குக் கழுவியிருக்கீங்க?

— விடு அக்கா, வேணாம். இந்த முனை துரு புடிச்சிருக்கு மாமா, திருக வரமாட்டேங்குது. ரெண்டு வருஷமா கழட்டலயா?

— எதுக்குக் கழட்டணும்? அன்னைக்கு வெச்ச மைக்கு. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசல. கேக்கறதோட சரி. மனுஷங்க மேலயே அருவருப்பு வந்துடுச்சு. இந்த நாற்காலியோட முதுகைப் புடிச்சுக்கிட்டு ஹெல்மி நின்னா, லாயிட். இதோ, இந்த நாற்காலி.

— தெரியும் மாமா.

— தெரிஞ்சா திரும்பக் கேளு. ஐஸ் மழை. மரம் பூரா ரோட்டுல கிடக்கு. போன் செத்துப்போச்சு, கரண்ட் இல்ல, ஜெனரேட்டர்ல ஓட்டறேன். புருஷன் ஈனோவுக்கு நெஞ்சு வலினு அரை மைலு வழுக்கி விழுந்து எழுந்து வந்திருக்கா, முட்டியெல்லாம் ரத்தம். நான் கூப்பிடறேன். அறுநூறு வாட்ல கூப்பிடறேன். ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர மத்தவன் ரேடியோவெல்லாம் கரண்ட் இல்லாம செத்துக் கிடக்கு; கூப்பிடறவனுக்குக் காது கொடுக்க வேண்டியவன், அந்தப் பக்கம் கூட்டம் நடத்தற மகராசன் நீ. உன் குரல் பக்கத்து ரூம்ல பேசற மாதிரி வருது. நானும் கேக்கறேன், அவளும் கேக்கறா. வேற யாராவது இருக்கீங்களாங்கறே. இருக்கேண்டானு கத்தறேன். நீ என்ன பண்றே? சர்ச்சுல கறி அடைச்ச பேஸ்டி விற்பனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போச்சானு ஒருத்தன்கிட்ட விசாரிக்கறே. மாவு வேஸ்ட்டாயிடுமேனு கவலைப்படறே.

— ஏங்க, போதும்.

— போதாது எல்சி. நாப்பத்திரண்டு நிமிஷம் கத்தினேன். அப்புறம் நானும் அவளும் சறுக்கு வண்டியைத் தள்ளிக்கிட்டு அங்க போனா, ஈனோ சமையலறைத் தரையில கிடக்கான். ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பான்னு ஹான்காக் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. அந்த ஒரு மணி நேரம் யார்கிட்ட இருந்துச்சு மாப்ளே?

— நான் பேசினதுனு நீங்க சொன்ன அத்தனையும் என்கிட்ட டேப்புல இருக்கு மாமா. அன்னைக்குக் கூட்டத்தைப் பதிவு பண்ணியிருந்தேன். இருநூறு தடவைக்கு மேல கேட்டிருப்பேன். மூணு தடவை ஹான்காக் போய்க் காது பரிசோதனை பண்ணிக்கிட்டேன். காது நல்லாத்தான் இருக்குனு எழுதிக் கொடுத்தாங்க. நம்பிக்கை வரல. மறுபடி டேப்பைப் போடுவேன். போகப் போக இரைச்சலுக்குள்ள உங்க குரல் கேக்கற மாதிரியே தோண ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம்தான் எழுதிக் கொடுத்தேன்.

— தோணல. கேட்டுது. ஜூலை மாசம் பிக்னிக்குல என் ஆண்டெனாவைக் கிண்டல் பண்ணினே. ஒண்ணு புள்ளி ஆறெல்லாம் ஒரு நம்பரானு எல்லாரு முன்னாடியும் சிரிச்சே. நான் பதிலுக்கு உன்னை நாலு வார்த்தை கேட்டேன். அந்த வன்மத்தை நெஞ்சுல வெச்சுக்கிட்டு இருந்தே.

— நாலு இல்ல மாமா, நாப்பது இருக்கும். சர்ச் பாதிரியார் எழுந்து போயிட்டாரு. முனை கழண்டு வந்துடுச்சு. மாட்டறேன்.

— மாட்டு, மாட்டிச் சொல்லு. எல்சி, பென்சிலை எடு.

— மூணு புள்ளி ஒன்பது மெகாஹெர்ட்ஸ். எஸ்.டபிள்யூ.ஆர். ஒண்ணு புள்ளி ஒண்ணு.

— கேட்டியா? ஒண்ணு புள்ளி ஒண்ணு. அன்னைக்குக் காலையிலயும் இதேதான், லாக் புத்தகத்துல இருக்கு. ஐஸ் பாரத்துல கம்பி அறுந்திருக்கும்னு கிளப்புல உனக்காக வக்காலத்து வாங்கினானுங்களே, நேர்ல வந்து பார்த்தானுங்க. கம்பி நிக்குது, மீட்டர் ஒண்ணு புள்ளி ஒண்ணு. தொப்பியை மாட்டிக்கிட்டுப் போனானுங்க.

— நாப்பத்தாறு வருஷமா இந்த நம்பரைச் சாப்பாட்டு மேசையில கேக்கறேன். அது என்னனு ஒரு தடவை சொல்லித் தொலைங்களேன்.

— நாம அனுப்பறதை ஆண்டெனா ஏத்துக்கணும் அக்கா. ஏத்துக்காததைத் திருப்பி விடும். எவ்வளவு திரும்பி வருதுனு காட்டற கணக்கு இது. ஒண்ணுனா எதுவும் திரும்பி வரல. மூணுனா நாலுல ஒரு பங்கு திரும்பி வந்துடுது.

— அப்ப ஒண்ணு நல்லதுதானே?

— திரும்பி வரலைங்கறதை மட்டும்தான் அது சொல்லும். எங்க போச்சுனு சொல்லாது. மூணு புள்ளி அஞ்சு பார்க்கறேன். ஒண்ணு புள்ளி ஒண்ணு.

— எழுதிக்கோ எல்சி.

— ஏழு. ஒண்ணு புள்ளி ஒண்ணு.

— அப்படித்தான்.

— பதினாலு. அதே. இருபத்தொண்ணு. அதே. எங்க தொட்டாலும் இம்பீடன்ஸ், அதான் மின்னெதிர்ப்பு, அம்பது ஓம்.

— கேபிள் அம்பது, ஆண்டெனா அம்பது. கச்சிதமாப் பொருந்துது. இதுக்காகத்தானே ஊர்ல இருக்கறவன் எல்லாம் ஏணியில ஏறி ஏறி இறங்கறான். வயிறு எரியுதா?

— எரியல மாமா. பயமா இருக்கு.

— எதுக்கு?

— இது நூத்திருபது அடிக் கம்பி. மூணு புள்ளி ஒன்பதுக்குனு அளந்து வெட்டினது. அங்க நல்லா இருந்தா பதினாலுல கன்னாபின்னானு இருக்கணும். இது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி நிக்குது. அக்கா, ஜன்னல்ல பாரு. கம்பி ஆடுதா?

— ஊஞ்சல் கட்டின மாதிரி ஆடுது. என்னா காத்து.

— கம்பி ஆடினா நம்பரும் ஆடணும். இது ஒரு முடி அசையல. இந்தக் கேபிளோட மறுமுனையில ஆண்டெனா இல்ல மாமா.

— உன் பொட்டி ரிப்பேர்.

— உங்க மீட்டரும் அதையேதான் காட்டுதுனு இப்பத்தானே சொன்னீங்க. அந்த லாக் புத்தகத்தை எடுத்துப் படி அக்கா. ஐஸ் மழைக்கு முந்தின மாசங்கள்.

— எதுக்குப் படிக்கணும்? எல்சி, வெச்சிடு அதை.

— ஏன் வெக்கணும்? ஏழாந்தேதி ஜூன், ஒண்ணு புள்ளி ஆறு. ஆகஸ்ட் இருபது, ஒண்ணு புள்ளி ஏழு. செப்டம்பர் பதினெட்டு, ஒண்ணு புள்ளி ஆறு. அக்டோபர் இருபத்தொன்பது: ஆம்ப்ளிஃபையரில் புது வால்வு. எண்ணெய் டப்பாவில் சோதனை. ஒண்ணு புள்ளி ஒண்ணு. அடுத்தது நவம்பர் பன்னிரண்டு. ஒண்ணு புள்ளி ஒண்ணு. ஐஸ் மழை. அவ்வளவுதான், அதுக்கப்புறம் வெறும் பக்கம்.

— நடுவுல கம்பியோட கனெக்டரை மாத்தினேன். அதனால நல்லாயிடுச்சு.

— கனெக்டர் மாத்தினா ஒண்ணு புள்ளி அஞ்சாகும் மாமா. பதினாலு மெகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு புள்ளி ஒண்ணு ஆகாது. அந்த எண்ணெய் டப்பா எங்க இருக்கு?

— எந்த டப்பா?

— டம்மி லோடு. எண்ணெய்க்குள்ள அம்பது ஓம் மின்தடை முக்கி வெச்சிருப்போமே, காத்துல ஒரு பொட்டு விடாம ரேடியோவைச் சோதிக்கறதுக்கு. எவ்வளவு கொடுத்தாலும் சூடா முழுங்கிடும்.

— எனக்கே பாடம் எடுக்கறியா? நீ அரை டவுசர் போட்டப்ப நான் அதைச் செஞ்சேன். விறகுக்கொட்டகையில இருக்கு. இவதான் நாத்தம் தாங்கலனு வெளிய துரத்தினா.

— துரத்தாம? ஒரு மாசம் மீன் பொரிச்ச எண்ணெய் மாதிரி நாறிச்சு. திரையெல்லாம் நாத்தம்.

— கேபிள் கொட்டகை வழியாத்தான் போகுதா மாமா?

— ஆமா. அங்க ஒரு திருகு சுவிட்ச். இடது பக்கம் வெச்சா கம்பி. வலது பக்கம் வெச்சா டப்பா.

— இப்ப எந்தப் பக்கம் இருக்கு?

— இடது. வேற எந்தப் பக்கம் இருக்கும்?

— கடைசியா எப்பப் பார்த்தீங்க?

— விறகு அடுக்கி மறைஞ்சு கிடக்கு. அதையெல்லாம் எவன் போய்ப் பார்க்கறது? இடதுதான். நான் என்ன நேத்து லைசென்ஸ் வாங்கினவனா?

— பொட்டியை மறுபடி மூணு புள்ளி ஒன்பதுல வெச்சுட்டு நான் போய்ப் பார்க்கறேன். அக்கா, இந்த ஜன்னலைத் தொறந்து வை. நான் அங்கேர்ந்து கேக்கக் கேக்க, திரையில என்ன காட்டுதுனு சொல்லு.

— போறான் பாருங்க. சேத்து ஷூவோடயே போறான். ஏங்க, ஏன் உக்காந்துட்டீங்க?

— கால் வலிக்குது.

— மூஞ்சி வெளுத்துப்போச்சே. தண்ணி வேணுமா?

— வேணாம். அவன் என்ன பண்றான்?

— விறகை இறக்கறான். கூரை வரைக்கும் அடுக்கியிருந்தீங்களே, அது. ஏங்க, ஒண்ணு ஞாபகம் வருது. அந்த ஐஸ் மழை அன்னைக்கு, நீங்களும் ஹெல்மியும் கிளம்பிப் போனப்புறம் அடுப்புக்கு விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். நம்ம சாம்பல் பூனை அந்த எண்ணெய் டப்பா மேல சுருண்டு படுத்திருந்துச்சு. இந்தக் குளிர்ல வீட்டுக்குள்ள அடுப்பை விட்டுட்டு இந்தத் தகரத்து மேல ஏன் படுக்குதுனு நெனச்சேன். தூக்கினேன். வயிறு கதகதனு இருந்துச்சு.

— எல்சி.

— எண்ணெய் காய்ஞ்ச நாத்தம் வேற. கருமத்தைத் தூக்கிப் போடணும்னு திட்டிக்கிட்டே வந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் ஈனோ போயிட்டான்னு சேதி வந்துது, பூனை மறந்துபோச்சு.

— எல்சி, வாயை மூடு.

— அக்கா. கேக்குதா? இப்ப என்ன காட்டுது?

— கேக்குது. ஒண்ணு புள்ளி ஒண்ணு.

— திருப்பறேன். இப்ப?

— தாவிடுச்சு. ஒண்ணு புள்ளி ஏழு. ஆறு. மறுபடி ஏழு. காத்துக்கு ஆடுது லாயிட், உயிர் வந்த மாதிரி ஆடுது.

— மறுபடி பழைய பக்கமே வெக்கறேன். இப்ப?

— ஒண்ணு புள்ளி ஒண்ணு. அசையாம நிக்குது.

— மாமா, நான் வந்து பார்த்தப்ப சுவிட்ச் வலது பக்கம் இருந்துச்சு. டப்பா பக்கம். சிலந்திக் கூடு கட்டியிருக்கு மேல. உங்க கையெழுத்துல சீட்டு ஒட்டியிருக்கீங்க. "சோதனை முடிந்ததும் இடப்பக்கம் திருப்பவும்."

— ஜன்னலைச் சாத்து எல்சி. குளிருது.

— ஏங்க, அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?

— கேட்டுது. எனக்குக் காது சுத்தம்.

— அப்ப அன்னைக்கு நீங்க கூப்பிட்டது?

— டப்பாவுக்குள்ள போச்சு. அறுநூறு வாட்டும் டப்பாவுக்குள்ள போச்சு. பூனைக்குக் குளிர் காய நல்லா இருந்திருக்கும். ஒண்ணு புள்ளி ஒண்ணைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியல எல்சி. கனெக்டர் மாத்தினதுல சரியாயிடுச்சுனு நெனச்சேன். அடுத்த பிக்னிக்குல இவன் மூஞ்சிக்கு நேரா நீட்டலாம்னு நெனச்சேன். சுவிட்ச்சுனு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. த்தூ.

— வந்துட்டேன் அக்கா. கை பூரா எண்ணெய். துணி ஏதாவது கொடு.

— லாயிட், சுவிட்சை எந்தப் பக்கம் வெச்சுட்டு வந்தே?

— இடது பக்கம். எல்லாமே கம்பிக்குப் போகும் இப்ப. பெரிய கேபிளை ரேடியோவுல மாட்டிடறேன்.

— நல்லது. அப்படியே இருக்கட்டும். எழுதிக்கோ எல்சி, ஒண்ணு புள்ளி ஏழு. ஹெல்மிக்கு அதைக் கொடு. அந்த டப்பாவை நான் ஏரியில போட்டுடறேன். சீட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டுடலாம். மாப்ளே, நீ எதையும் பார்க்கல.

— நான் எதைப் பார்க்கல?

— செத்தவன் திரும்பி வரப் போறதில்ல. எனக்கு எழுபத்திரண்டு. இன்னும் எவ்வளவு நாளைக்கு? நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். நீ இங்க வந்து போயிக்கிட்டு இரு. ஷூவைக் கழட்டு. உக்காரு. எல்சி, காபி கலக்கு அவனுக்கு.

— கலக்க மாட்டேன். என்ன மனுஷன்யா நீ?

— எல்சி, என்னை நீனு சொல்றியா?

— சொல்றேன். நீதான். காபி கொடுத்து வாயடைக்கற மூஞ்சியைப் பார்த்தா எனக்கு அருவருப்பா இருக்கு. உன் பக்கத்துல நாப்பத்தாறு வருஷம் படுத்தேன்கறதை நெனச்சா தேய்ச்சுக் குளிக்கணும் போல இருக்கு. என் தம்பி கடைக்குப் போனா ஹெல்மி அவனைத் தாண்டிச் சுவத்தைப் பார்க்கறா. அவன் பொண்டாட்டி சர்ச்சுல தனி பெஞ்சுல உக்காந்திருக்கா. நீ ஒவ்வொரு வீடாப் போய்ச் சொன்னே. பிணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் சொன்னே.

— தெரியாமத்தானேடி சொன்னேன். அன்னைக்கு எனக்குத் தெரியாதே.

— இப்பத் தெரியும்ல?

— அக்கா, விடு.

— நீ ஏண்டா விடச் சொல்றே? உனக்குக் கோபமே வராதா?

— வருது அக்கா. கொட்டகையிலயே வந்துச்சு. கோடாலி பக்கத்துல இருந்துச்சு, அதனாலதான் கொஞ்ச நேரம் கழிச்சு வந்தேன். ரெண்டு வருஷமா நான் என் காதைத் திட்டியிருக்கேன் மாமா. கண்ணாடியில என் காதைப் பார்க்கவே எனக்குப் புடிக்காது. செய்யாத ஒண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். ஆனா இதை நான் போய் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல.

— சொல்ல மாட்டேல்ல? நீ நல்லவன்டா. எனக்குத் தெரியும்.

— நல்லவன் எல்லாம் இல்ல. நான் சொன்னா எவன் நம்புவான்? மச்சினன் சுவிட்சைத் திருப்பி வெச்சுட்டுக் கதை கட்டறான்னுதான் சொல்வாங்க. அவங்க எடத்துல இருந்தா நானும் அப்படித்தான் சொல்வேன். இதைச் சொல்லக்கூடிய வாய் ஒண்ணுதான் இருக்கு.

— மணி என்னாச்சு எல்சி?

— பதினொண்ணு ஆகப் போகுது. ஞாயித்துக்கிழமைக் கூட்டம் முடியற நேரம்.

— ரேடியோ சத்தத்தைக் கூட்டு. ஹெல்மி குரலைக் கேக்கணும்.

— ...நன்றி மார்வின், உன் குழாய் உடைஞ்சது சரியானதுல சந்தோஷம். பட்டியல்ல இருந்த எல்லாரும் பேசியாச்சு. எப்பவும் போலக் கடைசியா ஒண்ணு. யாராவது கூப்பிட்டு, என் காதுல விழாமப் போயிருந்தா இப்பக் கூப்பிடுங்க. ஒரு நிமிஷம் காத்திருக்கேன்.

— ரெண்டு வருஷமா இந்த நிமிஷத்தை நானும் வீட்டுல உக்காந்து கேக்கறேன் மாமா. வாராவாரம். இது எனக்காக வெச்ச நிமிஷம்னு ஊருக்கே தெரியும். என் பொண்டாட்டி அப்ப எழுந்து குளியலறைக்குப் போயிடுவா.

— நானும்தான் கேட்டேன். நல்லா வேணும் அவனுக்குனு நெனச்சுக்கிட்டுக் கேட்டேன். இங்க உக்காந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சிரிச்சிருக்கேன் லாயிட். சீ. என் வாயே எனக்கு நாறுது.

— பாதி நிமிஷம் போச்சுங்க.

— ஷூவைக் கழட்டு மாப்ளே.

— முதல்ல நீங்க அதைச் சொல்லுங்க. அப்புறம் கழட்டறேன்.

— ஆம்ப்ளிஃபையர் வேணாம். வெறும் ரேடியோ போதும். எல்சி, மைக்கு எங்க? இந்தப் பாழாப்போன கண்ணு.

— கைக்குப் பக்கத்துலதான் இருக்கு. அழுத்துங்க. நான் நாற்காலியைப் புடிச்சுக்கறேன்.

— ஹெல்மி. ஹெல்மி, ரே பேசறேன். ரே ஹைக்கினன். கேக்குதா?

— ரே? நீங்களா? ரெண்டு வருஷம் கழிச்சு உங்க குரல். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. கேக்குது ரே, பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. முப்பது பேரு இருக்கோம், எல்லாருக்கும் கேக்குதுனு சொல்றாங்க. இவ்வளவு தெளிவாக் கேக்கற குரல் அன்னைக்கு லாயிட்டுக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?

— லாயிட்டுக்கு மட்டும் இல்ல ஹெல்மி. அன்னைக்கு என் குரல் என் வீட்டு விறகுக்கொட்டகையைத் தாண்டல.